பீடத்தை விட்டு இறங்கிவிட்டேன்

தோட்டவெளி, மன்னார்.
உயிர்த்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை.

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அப்பா சொல்லச் சொல்ல நிஸ்லா எழுதுகிறாள். மடு மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதை மாதாவிடம் பலமுறை சொல்லியாயிற்று, அவவுக்கு வேறு அலுவல்கள் இருக்கும்போல. நீயும் மருமகன் ஜெகதீபனும் என் பேத்தி லியோனாவும் அந்த ஒஸ்லோக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒவ்வொரு நாளும் போனில் முகம் பார்க்கிற அப்பன் எதற்குக் கடிதம் எழுதுவிக்கிறான், கிழவனுக்கு மூளை தட்டிவிட்டதோ என்று யோசிப்பாய். தட்டவில்லை. போனில் ஒரு விஷயத்தை ஒழுங்காகச் சொல்ல முடிகிறதா? நான் வாயைத் திறந்தால் அம்மா பறிக்கிறாள், அம்மா கதைத்தால் ஆடு கத்துகிறது, உன் தோளுக்குப் பின்னால் மருமகன் தலையை நீட்டுகிறார், நடுவில் படம் உறைந்து நான் வாயைப் பிளந்தபடி நிற்கிறேன். உறைந்த வாயோடு மகளிடம் கோபிக்க முடியாது. கடிதம் உறையாது, நீ குறுக்கே கதைக்கவும் ஏலாது. எழுத்து வாசனை இல்லாத எனக்கு இன்றைக்கு நிஸ்லாதான் கை, பெரியகடையில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் ஹுசைன் நானாவின் மகள். நான் கொச்சையாகச் சொல்வதை அவள் நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், கெட்ட வார்த்தை வந்தால் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேற சொல்லு சொல்லுங்க மாமா என்கிறாள். ஆகவே இதில் கெட்ட வார்த்தை இல்லாத இடங்களில் எல்லாம் நீயாகப் போட்டு வாசித்துக்கொள்.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு இரத்தினம் படலையில் கமரா பூட்டியிருக்கிறான், கள்ளனைப் பிடிக்க என்றுதான் சொன்னான், இதுவரை பிடிபட்டது கழுதைகள் மட்டும். இந்தத் தீவில் கழுதைகளுக்கா குறைவு, இரவு முழுக்க அவன் வாசலில் கழுதை ஊர்வலம் போவதைக் காலையில் தேத்தண்ணியோடு இருந்து பார்க்கிறான். உண்மையில் அவன் பார்க்க ஆசைப்பட்டது கள்ளனையும் இல்லை கழுதையையும் இல்லை, தன் மருமகள் படலையில் யாரோடு நின்று கதைக்கிறாள் என்பதை. மருமகள் அவனைவிடக் கெட்டிக்காரி, பின்வேலியில் ஒரு ஓட்டை, இப்போது அந்தப் பொட்டுக்குள்ளால் போய்க் கதைக்கிறாள். அவன் அடுத்த கமராவுக்கு விலை விசாரிக்கிறான்.

நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன்தான், ஆனால் இந்தக் கரையில் மனுஷர் இயந்திரத்திடம் என்னென்ன கேட்டார்கள் என்பதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ பிறக்க முதலே லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவன் நான். அடம்பனில் ஒரு கலியாணம் என்றால் குழலை மரத்தில் கட்டமுன் நான் கேட்கிற முதல் கேள்வி எந்தப் பக்கம் திருப்ப என்பதுதான். ஒருவரும் தங்கள் பந்தல் பக்கம் திருப்பச் சொன்னதில்லை. கோபித்துக்கொண்டு கலியாணத்துக்கு வராமல் இருக்கிற மச்சானின் வீடு எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கம். ஒருமுறை, பெண் கேட்டுக் கிடைக்காமல் போன ஒருவனின் கிணற்றடிக்கு நேரே திருப்பி விடிய விடியப் பாட்டுப் போடச் சொன்னார்கள். விடிந்ததும் அவன் நேரே என்னிடம் வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நான் வயரைச் சுருட்டத் தொடங்கினேன், அவன் என்னவென்றால், அண்ணை அந்தக் கடைசிப் பாட்டை இன்னொருக்காப் போடுங்கோ என்கிறான். பிறகு இந்தியாவுக்கு அகதியாய்ப் போய் மண்டபம் முகாமில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து ஓட்டினேன். சனம் படம் பார்க்க வந்தது என்று நினைக்கிறாயா? கனடாவில் இருந்து யாராவது அனுப்பிய கலியாணக் கசெற்றைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். மாப்பிள்ளை பொம்பிளையைப் பார்க்க இல்லை, பின்னால் கதிரையில் இருந்து சாப்பிடுவது தங்கள் பெடியன்தானோ என்று பார்க்க. அந்த இடம் வந்ததும் நிப்பாட்டு நிப்பாட்டு என்று கத்துவார்கள். நிற்பாட்டினால் முகம் நடுங்கிக்கொண்டு நிற்கும், தாய்மார் எழும்பிப் போய்க் கண்ணாடியைத் தடவுவார்கள், கறண்ட் அடிக்கும் விலகுங்கோ என்று நான் பின்னால் நின்று கத்துவேன். ஆகவே இயந்திரத்தில் நான் பிழை சொல்லமாட்டேன். அது பாவம் தன்பாட்டில் ஒன்றையும் கேட்பதில்லை. ஆசை எல்லாம் எங்களுடையது.

என் ஆசையும் சேர்த்துத்தான். நீ அனுப்பிய போனில் ஒருநாள் ஒரு பெண்பிள்ளை கடற்கரையில் நின்று நெத்தலி பொரிப்பதைப் பார்த்தேன். நெத்தலியைத்தான் பார்த்தேன் என்று நான் சொன்னால் நீ நம்புவாய், அந்தப் போன் நம்பவில்லை. அன்றில் இருந்து விரலை வைத்தால் போதும், உலகத்தில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வந்து எனக்கு மீன் பொரித்துக் காட்டுகிறார்கள், நாளுக்கு நாள் மீன் சின்னனாகிக்கொண்டு போகிறது, சட்டையும் அப்படித்தான். அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, இஞ்சேருங்கோ, அதிலை மீன் எங்கை கிடக்கு என்று கேட்டாள். கலியாணம் கட்டி இத்தனை காலம் உன் அம்மாவுக்குத் தெரியாததை அந்தக் கண்ணாடித் துண்டு ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிட்டது. நிஸ்லா இந்த இடத்தில் எழுதுவதை விட்டுச் சிரிக்கிறாள். எழுது பிள்ளை, என் மகளுக்கு என்னைத் தெரியும்.

இனிப் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காக வருவது யன்னலோடு இருக்கிற மாதாவின் பீடத்தடியில் மட்டும்தான். அதனால் போன் அந்தோனியார் சுரூபத்தில் சாய்ந்து நிற்கும், செபமாலை தொடங்க உங்களுக்கு எடுப்போம். நீயும் அங்கே அலுமாரிக்கு மேல் வைத்த பீடத்தில் மாதாவுக்கும் செபஸ்தியாருக்கும் நடுவில் அந்தப் பலகை மாதிரியான பெரிய தட்டைப் போனை நிறுத்தி எங்களோடு சேர்ந்து செபிக்கப் பழகினாய். நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பார். அந்தப் பிள்ளை பிறந்த நேரம் கொரோனா, பிறகு இங்கே பெற்றோல் இல்லாத காலம், பிறகு உனக்கு லீவு இல்லை. அவள் என்னைக் கண்டதெல்லாம் எங்கே? மெழுகுதிரிக்குப் பின்னால், பூக்களுக்கு நடுவில், கழுத்துக்கு மேலே மட்டும், ஒரு பக்கம் மாதா, மறு பக்கம் அம்பு குத்துப்பட்ட செபஸ்தியார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் என்னோடு கதைப்பாள். எவ்வளவு மரியாதையாகப் பிள்ளையை வளர்த்திருக்கிறாய் என்று நான் பெருமைப்பட்டேன். மரியாதை இல்லையடி மகள், மன்றாட்டு! முதலில் பனி பெய்ய வேண்டும் என்று கேட்டாள், சரி என்றேன், அடுத்த நாள் பெய்துவிட்டது. பிறகு சிவப்புச் சைக்கிள் கேட்டாள், பார்ப்போம் என்றேன், இதொன்றும் அறியாத மருமகன் அந்தக் கிழமையே சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார். அதோடு என் மவுசு ஏறிவிட்டது. மேல்மாடியில் இருக்கிற வெள்ளைக்காரச் சிநேகிதியையும் கூட்டிவந்தாள், அவளுக்கு முயல் வேண்டுமாம். நானும் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கொடுத்தேன். எனக்கென்ன, சும்மா இருக்கிறவனுக்கு ஒரு உத்தியோகம்.

தவக்காலம் முடிகிற கிழமைகளில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடி வைக்கிற வழக்கம் உனக்குத் தெரியும். அம்மா இந்த முறையும் மாதா அந்தோனியார் எல்லாரையும் மூடினாள், அந்தோனியாரில் சாய்ந்திருந்த போனையும் சேர்த்து மூடிவிட்டாள். அன்றைக்கு நீங்கள் எடுத்தபோது போன் துணிக்குள் கிடந்து கத்தியது, அம்மா துணிக்குள் கையை விட்டு அழுத்தினாள், உங்களுக்கு ஊதா நிறத்தைத் தவிர ஒன்றும் தெரிந்திருக்காது. நான் துணியை விலக்கி முகத்தைக் காட்டினேன். லியோனா பயப்படவில்லை. கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு மிகவும் பணிவாகக் கேட்டாள், அம்மப்பா, நீங்கள் உயிரோடை இருக்கேக்குள்ள எங்கை இருந்தனீங்கள் என்று. நான் ஒரு மடையன், யோசிக்காமல், தோட்டவெளியிலை அம்மா என்று பதில் சொல்லிவிட்டேன்! அப்போது நீ குசினியில் நின்றாய், கேட்டிருக்கமாட்டாய். உன் அம்மா கேட்டாள். சிலுவை அடையாளம் போட்டாள், பிறகு கட்டிலில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது, பெண்களுக்கு இரண்டும் ஒரே குழாயில்தான் வருகிறது. அன்றில் இருந்து என் பாடு சொல்லி வேலையில்லை. தேத்தண்ணி கேட்டால், செத்த ஆக்களுக்குத் தேத்தண்ணி எதுக்கு என்கிறாள். காலையில் எழுப்பும்போது புனிதரைக் கூப்பிடுகிற மாதிரி, அர்ச்சியசிஷ்டவரே, ஆட்டுக்குக் குழை போட்டாச்சோ என்கிறாள்.

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதே கிழமையில்தான் மருமகன் எனக்குத் தனியாக எடுத்தார். மாமா, நீங்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் போனிலை ஏதாவது கதையுங்கோ, அது உங்கட குரலைப் பழகிவிடும், நாளைக்கு நீங்கள்... என்று சொல்லிவிட்டு இருமினார். நல்ல பிள்ளை, மாமனின் சாவைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு நான் மண்டையைப் போட்டாலும் என்று சொல்லும் தம்பி என்றேன். ஓம் மாமா, அதுக்குப் பிறகும் லியோனா என்ன கேட்டாலும் அது உங்கட குரலிலையே பதில் சொல்லும் என்றார். நான் கேட்டேன், அவள் துடுக்காகக் கேட்டால் அது கோபிக்குமா என்று. இல்லை மாமா, எப்பவும் அன்பாய்த்தான் கதைக்கும் என்றார். அப்போ அது நான் இல்லை என்றேன், உன் அம்மாவும் பக்கத்தில் இருந்து ஓம் ஓம் என்று சாட்சி சொன்னாள். இருந்தாலும் அவர் மனம் நோகக்கூடாது என்று லவுட்ஸ்பீக்கர் கதைகள் கொஞ்சம் சொல்லிப் பதிந்தேன். பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. பிரஷாந்தி, நான் போய்ச் சேர்ந்த அன்றைக்கும் நீங்கள் பின்னேரம் பீடத்தில் அந்தப் பலகையை நிறுத்துவீர்கள். என் முகம் வரும், குரல் வரும், சைக்கிள் கேட்டால் பார்ப்போம் என்று சொல்லும். பிள்ளைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. நான் இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நீ வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கிழவிகளின் மடியில் பொம்மைக் கடல்நாய் ஒன்றை வைப்பார்கள், தடவினால் கண்ணைச் சொருகிக்கொண்டு முனகும், கிழவிகள் அதோடு சந்தோஷமாக இருப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கிழவிகளைப் பார்த்துச் சிரித்தோம். எங்கள் வீட்டில் கடல்நாய் நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நிஸ்லாவுக்கு இதெல்லாம் விளங்குகிறது. அவள் புருஷன் ஸாஜித் கட்டாரில் இருந்தபோது, பிள்ளையிடம் வாப்பா எங்கே என்று கேட்டால் அது போனைத் தூக்கிக் காட்டுமாம். நோன்புப் பெருநாளுக்கு அவன் வந்து இறங்கியபோது பிள்ளை அவனைப் பார்த்துக் கத்திவிட்டு ஓடிப்போய்ப் போனைக் கட்டிப்பிடித்ததாம். ஒரு கிழமையில் சரியாகிவிட்டது, இப்போது அவன் தோளை விட்டு இறங்குவதில்லை என்றாள். அவன் வந்தபடியால் சரியாகிவிட்டது, அதைக் கவனி.

இப்போது நான் கோபித்துக்கொள்ள வேண்டிய இடம் வந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறு அன்றைக்கு நீ என்ன சொன்னாய்? மடு ஆடித் திருநாளுக்கு இந்த முறையும் வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு பெரிய ரிவி வாங்கி அனுப்புகிறேன், சுவர் முழுக்கப் படம் வரும், நேரிலை பாக்கிறது போலயே இருக்கும் அப்பா என்றாய். ஒவ்வொரு நாளும் பாக்கிறம்தானே என்றும் சொன்னாய். பக்கத்தில் மருமகனும் பிள்ளையும் நின்றதால் நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா மட்டும், ரிவியை எந்தச் சுவரிலை மாட்டுறது என்று கேட்டாள், கேட்டுவிட்டு எழும்பிப் போய் வெறும் பானையைக் கழுவிக்கொண்டு நின்றாள். மகள், நீ கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. இந்த உலகத்தில் இப்போது எல்லாருக்கும் உள்ள ஆசைதான் உனக்கும். ஆளும் வேண்டும், ஆளின் இருமலும் எச்சிலும் பிரயாணத் தலையிடியும் வேண்டாம். அந்த ஆசைக்கு ஏற்ற சாமானை எவனோ செய்து விற்கிறான், நாங்கள் வாங்குகிறோம். நானும்தானே நெத்தலி மணக்காமல் நெத்தலி பார்க்கிறேன். ஆனால் நீ என் வேர்வை மணத்தில் என் தோளில் கிடந்து வளர்ந்துவிட்டுத்தான் என்னைப் பெட்டிக்குள் பார்க்கிறாய். உன் பிள்ளைக்குப் பெட்டிதான் முதல். அவளுக்கு மனுஷர் என்றால் கழுத்துக்கு மேலேதான், சுவர் அளவு ரிவி வாங்கினால் பெரிய கழுத்தாக இருக்கும், அவ்வளவுதான்.

அதனால் உயிர்த்த ஞாயிறு அன்றைக்கு நான் ஒரு வேலை பார்த்தேன். செபத்துக்கு நிற்காமல் போனை அந்தோனியாரிடம் இருந்து பறித்துக்கொண்டு கொல்லைக்குப் போய் ஆட்டுக் கொட்டிலில் வேலிப்பக்கமாக நின்று உங்களுக்கு எடுத்தேன். அங்கே சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், பரவாயில்லை. அம்மாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எட்டி நின்றேன், சாரத்தை மடித்துக் கட்டி முழங்காலைக் காட்டினேன், வீங்கிய முழங்காலை. ஆட்டுக்குட்டி என் சாரத்தைக் கடித்து இழுத்தது, நான் அதற்கு ஒரு பேச்சுப் பேசினேன், அதை நிஸ்லா எழுதமாட்டாள். அம்மா எனக்கு ஒரு பேச்சுப் பேசினாள். லியோனா கும்பிடக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள், பிறகு, அம்மா, அம்மப்பாவுக்குக் கால் இருக்கு என்று வீடு அதிரக் கத்தினாள். ஓடி வந்து பார்த்தவள் நீதான். எவ்வளவு சிரித்தோம் எல்லாரும்.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அதனால் நான் சொல்லுகிறேன். பிள்ளை முன்பல் விழுந்த ஓட்டையைக் காட்டினாள், பல்லையும் காட்டினாள். அங்கே அதைத் தண்ணிக் குவளைக்குள் போட்டு வைத்தால் விடியக் காசு இருக்குமாம். அம்மா விடுவாளா, எங்கட ஊரிலை பல்லைக் கூரைக்கு எறியிறது, அணில் எடுத்துக்கொண்டு போய்ப் புதுப்பல் தரும் என்று கதை விட்டாள். பிள்ளைக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் ஆறு மாடி வீட்டில் எந்தக் கூரைக்கு எறிவது? அப்போ நீங்கள் எறியுங்கோ அம்மப்பா, இந்தாங்கோ பிடியுங்கோ என்று பல்லைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். நானும் உள்ளங்கையை விரித்து நீட்டினேன். விளையாட்டுக்குத்தான் நீட்டினேன் என்று சொல்லப் பார்க்கிறேன், அப்படி இல்லை, கை தானாகப் போனது. அவள் அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள், பல் வழுக்கி அங்கே எங்கேயோ விழுந்துவிட்டது. கதிரைக்கு அடியில் ஊர்ந்து தேடினாள், எங்களுக்கு உங்கள் வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. தொலைந்ததைத் தேடித்தருகிறவர் என்று அம்மா இங்கே இருந்து அந்தோனியாரைக் கூப்பிட்டாள். பல்லோடு திரும்பி வந்தவள் என் வெறும் கையைப் பார்த்தாள். இன்னும் வரேல்லையா என்று கேட்டாள். நீ உடனே பலகையை உன் பக்கம் திருப்பி, நேரமாகுது அப்பா பிறகு எடுக்கிறம் என்று நிற்பாட்டினாய். நிற்பாட்ட முதல் உன் முகத்தை நான் பார்த்துவிட்டேன். அதற்குச் சுவர் அளவு ரிவி தேவைப்படவில்லை.

ஆகவே கேள். ரிவி வேண்டாம், வந்தால் இரத்தினத்தின் தலையில் கட்டிவிடுவேன், அவன் கழுதைகளைப் பெரிதாகப் பார்க்கட்டும். மருமகனிடம் சொல், மிச்சக் கதை எல்லாம் என் வாய்க்குள் பத்திரமாக இருக்கிறது, மடுவில் மரத்தடியில் குடில் போட்டு இருக்கும்போது பிள்ளைக்கு நேரில் சொல்லுவேன், அவர் பக்கத்தில் இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பதிந்துகொள்ளட்டும், ஆடித் திருநாள் சனத்தின் சத்தமும் சேர்ந்து விழட்டும். பல்லைத் தபாலில் அனுப்புகிற யோசனையும் வேண்டாம், உனக்கு அந்த யோசனை வரும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பொய்தான். அவள் அன்றைக்கே பாய்களை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள், கூழுக்கு ஒடியல் மா இடிக்கச் சொல்லிவிட்டாள், ஊர் முழுக்கச் சொல்லியும்விட்டாள். இல்லை என்று சொல்வதானால் நீயே எடுத்துச் சொல், எனக்குத் தைரியம் இல்லை.

உனக்கும் மருமகனுக்கும் மாதாவின் ஆசீரும் என் ஆசீரும் நிறைவாகக் கிடைக்கட்டும். லியோனாவின் நெற்றியில் என் பேரில் ஒரு சிலுவை போட்டுவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே வெயில் கொளுத்துகிறது, பிள்ளைக்கு மெல்லிய சட்டைகளாகக் கொண்டுவா. மறக்கவேண்டாம், அந்தப் பல்லைத் தண்ணிக் குவளைக்குள் போட விடாதே. பின்சுவரில் ஏணியைச் சாத்தி வைத்திருக்கிறேன், அவள் ஏறி நின்று தன் கையால் எறிய. கள்ளன் ஏறப்போறான் எடுங்கோ எடுங்கோ என்று உன் அம்மா கத்திக்கொண்டு இருக்கிறாள். எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
அன்பு அப்பா,
பத்திநாதன்
(பெயரை எழுதியது நிஸ்லா, பக்கத்தில் இருக்கிற பெருவிரல் என்னுடையது)